காது நுனியில் ஒரு துண்டு

2023 மார்ச் 18 அன்று கம்பைநல்லூரை அடுத்த கெலவள்ளியில் ஓர் ஆண்யானை ஏரி மேட்டில் ஏறியது. பாலக்கோட்டுக் காட்டுப் பக்கமிருந்து இறங்கி, ஊர்களுக்கும் வயல்களுக்கும் நடுவே வழி தேடித் திரிந்த யானை. வனத்துறையினர் அதைக் காட்டுக்குத் திருப்ப முயன்று பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்கள். சமதரையில் தலைக்கு எட்டாமல் போய்க்கொண்டிருந்த மின்கம்பி, மேட்டில் ஏறியதும் எட்டும் உயரத்துக்கு வந்துவிட்டது. கைப்பேசியில் யாரோ எடுத்த அந்தச் சில நொடிக் காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. நிற்கிறது, விழுகிறது. இடையில் எதுவும் இல்லை.

அந்த மார்ச் தர்மபுரி மாவட்டத்துக்குத் துக்கமான மாதம். 7ஆம் தேதி மாரண்டஅள்ளி அருகே, சட்டத்துக்குப் புறம்பாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் மூன்று யானைகள் செத்துக் கிடந்தன. தப்பிய இரண்டு குட்டிகள் சடலங்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. 11ஆம் தேதி பென்னாகரம் பக்கம் இன்னொரு குட்டி விவசாயக் கிணற்றில் விழுந்தது. அந்தக் குட்டியைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டும்.

யானை செத்தால் எங்கள் பக்கத்து மக்கள் வேடிக்கை பார்த்துவிட்டுக் கலைந்து போவதில்லை. மஞ்சளும் குங்குமமும் பூவும் வந்துவிடும்; கற்பூரம் ஏற்றுவார்கள்; பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிடுவார்கள். முந்தின இரவு கேழ்வரகுக் கொல்லையை மிதித்த யானையாக இருந்தாலும் அப்படித்தான். பிறகு கால்நடை மருத்துவர்கள் வந்து பிரேதப் பரிசோதனை செய்வார்கள். தந்தம் இருந்தால் அது அரசுப் பொறுப்புக்குப் போகும். பொக்லைன் தோண்டிய குழியில் உடல் இறங்கும். நான் சொல்ல வந்தது, அந்தக் குழியில் மண் தள்ளப்படுவதற்கு முன் நடக்க வேண்டிய ஒரு சிறு வேலையைப் பற்றி. காது நுனியிலிருந்து விரல்நகம் அளவு தோலை வெட்டியெடுத்து, அதைச் சாகவிடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வழக்கம் நம் காட்டோர ஊர்களில் வர வேண்டும் என்று நான் மனதார நம்புகிறேன். அந்தத் துண்டால் எது முடியாது என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்கிறவர்கள்தான் இன்று அதிகம்.

யானையின் இதயம் நின்றதும் அதன் தோல் செத்துவிடுவதில்லை. செல்கள் பல மணி நேரம் உயிரோடு இருக்கும்; குளிர்ச்சியில் வைத்தால் இன்னும் கூடத் தாங்கும். காதின் தோலையும் குருத்தெலும்பையும் மருந்து கலந்த ஊட்டக் கரைசலில் போட்டு, ஐஸ்பெட்டியில் வைத்து, ஒன்றிரண்டு நாளில் ஆய்வகத்துக்குக் கொண்டு சேர்த்துவிட்டால் போதும். அங்கே அந்தச் செல்கள் தட்டில் ஒட்டிப் பெருகும். பெருகியவற்றை உறைபனித் தடுப்பு மருந்தோடு மெல்ல மெல்லக் குளிரவைத்து, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் இறக்கிவிட்டால் அவற்றின் காலம் நின்றுவிடும். ஐம்பது ஆண்டு கழித்து எடுத்துச் சூடாக்கினாலும், விட்ட இடத்திலிருந்து பிளந்து பெருகத் தொடங்கும்.

அப்படி எடுத்த ஒரு காதிலிருந்து என்ன வந்தது என்பதற்கு ஸ்பெயினின் பிரனீஸ் மலையில் வாழ்ந்த புகார்டோ என்ற காட்டாடு முதல் சாட்சி. கடைசியாக மிஞ்சியிருந்த பெண்ணாட்டுக்கு சீலியா என்று பெயர். 1999இல் அதைப் பிடித்துக் காதுத்தோல் எடுத்துவிட்டுத் திரும்ப மலையில் விட்டார்கள். 2000 ஜனவரி 6 அன்று மரம் விழுந்து அது செத்தது. இனம் முடிந்தது. 2003 ஜூலை 30 அன்று அந்தக் காதுச் செல்லின் உட்கருவை வெள்ளாட்டின் முட்டைக்குள் வைத்து வளர்த்த குட்டி ஒன்று பிறந்தது. நுரையீரல் கோளாறால் சில நிமிடங்கள் மூச்சுக்குத் தவித்து இறந்தது. உலகில் இரண்டு முறை அற்றுப்போன ஒரே விலங்கு என்று அதைச் சொல்கிறார்கள். அதற்கும் முன்பு, 2001 ஜனவரியில், நம் மலைகளில் மேயும் காட்டுமாட்டின் நகல் ஒன்று அமெரிக்காவின் ஐயோவாவில் சாதாரணப் பசுவின் வயிற்றில் பிறந்தது. நோவா என்று பெயர் வைத்தார்கள். இரண்டு நாளில் வயிற்றுப்போக்கில் போய்விட்டது.

இந்தியாவின் கதை சத்தீஸ்கரில் இருக்கிறது. உதந்தி காட்டின் காட்டெருமைகள் குறைந்து குறைந்து, ஒரு கட்டத்தில் ஒரே ஒரு பெண்ணெருமையில் வந்து நின்றன. அதற்கு ஆஷா, அதாவது நம்பிக்கை, என்று பெயர். ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனம் 2009லேயே எருமையை நகலெடுத்த இடம். ஆஷாவின் காதுச் செல்லை அங்கே கொண்டுபோனார்கள். 2014 டிசம்பர் 12 அன்று தீபாஷா பிறந்தது. நாட்டெருமையின் முட்டை, நாட்டெருமையின் வயிறு, காட்டெருமையின் உட்கரு. நாடே கொண்டாடியது. 2018இல் ராய்ப்பூருக்குக் கொண்டுவந்து காட்டு விலங்குப் பூங்காவில் அடைத்தார்கள். வளர வளர அது முர்ரா எருமையைப் போலவே இருப்பதைப் பார்த்தவர்கள் சந்தேகம் கேட்கத் தொடங்கினார்கள். மரபணுச் சோதனை வேண்டும் என்ற குரல் எழுந்தது. தீபாஷா யாருடைய பிள்ளை என்ற கேள்வியைவிட எனக்கு அதிகம் உறுத்துவது, அது கம்பிவேலிக்குள்ளேயே வளர்ந்தது என்பதுதான். உதந்தியின் புல்லை அது மேயவில்லை. புலிவாடை தெரியாது. அதைச் சேர்த்துக்கொள்ள ஒரு கூட்டமும் இல்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகு காதுத் துண்டை ஏன் வைக்க வேண்டும் என்று கேட்கலாம். கருங்கால் மரநாயின் கதை அதற்குப் பதில் சொல்லும். அமெரிக்கப் புல்வெளியில் வாழும் இந்த விலங்கு அற்றுப்போனதாக எழுதப்பட்டு, 1981இல் வயோமிங் மாநிலத்தில் மறுபடி அகப்பட்டது. மிஞ்சியவற்றைப் பிடித்து வளர்த்தார்கள். இன்று இருப்பவற்றில் ஏறக்குறைய எல்லாம் அந்தக் கூட்டத்தின் ஏழு உயிர்களின் வழிவந்தவை; அத்தனையும் நெருங்கிய சொந்தம். வில்லா என்ற பெண் 1988இல் வாரிசு நிலைக்காமல் செத்தது. அதன் செல்லை யாரோ சான் டியேகோவின் உறைபனிக் களஞ்சியத்துக்கு அனுப்பிவைத்திருந்தார்கள். குர்ட் பெனிர்ஷ்கே என்ற மருத்துவர் 1970களில் தொடங்கிய களஞ்சியம் அது. வளர்ந்த உடலின் செல்லிலிருந்து ஒரு பாலூட்டி பிறக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது; டாலி ஆடு பிறந்தது 1996இல்தான். பயன் தெரியாமலே சேர்த்துவைத்தார்கள். 2020 டிசம்பர் 10 அன்று வில்லாவின் நகலாக எலிசபெத் ஆன் பிறந்தது. 2024இல் வில்லாவின் இன்னொரு நகலான அன்டோனியா குட்டி போட்டது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அறுந்த கிளை மறுபடி துளிர்த்தது. அந்தக் குட்டிகளுக்குப் போய்ச் சேர ஒரு கூட்டமும், வளர்த்து வெளியில் விடத் தெரிந்த கைகளும், விடுவதற்குப் புல்வெளியும் இருந்தன என்பதை மறக்கக் கூடாது. சீலியாவுக்கு அப்படி ஒரு கூட்டம் இல்லை. ஓர் ஆண்கூட இல்லை.

மைனஸ் 196 டிகிரி என்றதும் எங்கோ அயல்நாட்டு ஆய்வகம் நினைவுக்கு வர வேண்டியதில்லை. திரவ நைட்ரஜன் குடுவை ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் நிற்கிறது. மூடியைத் திறந்தால் வெண்புகை வழியும். அதற்குள் கால் மில்லி கொள்ளும் உறைவிந்துக் குச்சிகள். சினை ஊசி தெரியாத வீடு எங்கள் பக்கத்தில் ஏது? மாடு விடியலில் கத்தினால், கண்ணாடி போலக் கோழை வடித்தால், பக்கத்து மாட்டின் மேல் தாவினால், வீட்டுப் பாட்டிக்கே தெரியும், பருவத்துக்கு வந்துவிட்டது என்று. காலையில் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில். பிடித்ததா இல்லையா என்று இருபத்தோரு நாள் காத்திருப்பார்கள். இனப்பெருக்கத் தொழில்நுட்பம் என்று பெரிய பெயரில் எழுதப்படுவதில் பாதியை இந்த ஊர்கள் இரண்டு தலைமுறையாகச் செய்துவருகின்றன.

அதனால்தான் இன்னொரு கதையையும் இந்த ஊர்களால் சொல்ல முடியும். ஒகேனக்கலை ஒட்டிய காவிரிக்கரை ஆலம்பாடியின் பெயரைத் தாங்கிய மாட்டினம் ஒன்று தர்மபுரியின் சொத்து. கருஞ்சாம்பல் உடம்பு, பின்னோக்கி எழும் கொம்பு, கல்லுக்காட்டில் நாளெல்லாம் ஏர் இழுத்தாலும் தளராத கால். பட்டி பட்டியாகக் காட்டில் மேய்ந்து வளர்ந்த மாடு. ஏரைத் தள்ளிவிட்டு டிராக்டர் வந்தது. பால் வேண்டும் என்று சமவெளிக்கு ஜெர்சி உறைவிந்து வந்தது. ஒரு காளையிடம் ஒருமுறை எடுத்த விந்து நூற்றுக்கணக்கான குச்சிகளாகி மாவட்டம் முழுவதும் போகக்கூடியது. ஊர்க் காளைக்கு வேலை இல்லாமல் போயிற்று. மூன்று நான்கு ஈற்றுக்குள் தொழுவத்தின் நிறமே மாறிவிட்டது. யாரையும் இதற்காகக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. அந்தக் கலப்பின மாட்டின் பாலில்தான் எத்தனையோ வீட்டுப் பெண்பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். ஆனால் ஒரு பாலூட்டி இனத்தைக் கண்ணெதிரே அருகிப்போகச் செய்ததும் இதே குச்சி என்பதை நாம் அறிவோம். இன்று காரிமங்கலத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஆலம்பாடிக்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. அழித்த அதே கருவியைக் கொண்டு மீட்கப் பார்க்கிறோம். குச்சிக்குள் எந்தக் காளையின் வித்து போகிறது, அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மாட்டின் பருவத்தைப் பாட்டி அறிவாள். யானையின் பருவத்தை யார் அறிவார்? பெண்யானைக்குச் சினைப்பருவம் 13 முதல் 17 வாரங்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. அப்போதும் லூட்டினைசிங் ஹார்மோன் இரண்டு முறை எழுகிறது. மூன்று வார இடைவெளியில். முதல் எழுச்சியில் முட்டை வெளிவருவதில்லை, இரண்டாவதில்தான் வருகிறது. இந்த இரட்டை எழுச்சியைக் கண்டுகொண்ட பிறகே யானைக்குச் செயற்கைக் கருவூட்டல் கைகூடியது. ஒரு மீட்டருக்கும் மேல் நீளமான பாதையில் குழாயைச் செலுத்தி, ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே விந்தை வைக்க வேண்டும். 1999 நவம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு விலங்குப் பூங்காவில் அப்படிப் பிறந்த ஆசிய யானைக்குட்டிதான் முதலாவது. 2013 செப்டம்பரில் வியன்னாவின் ஷோன்ப்ரூன் பூங்காவில் இக்வா என்ற குட்டி பிறந்தது. அதன் தகப்பன் தென்னாப்பிரிக்கக் காட்டில் சுதந்திரமாகத் திரிந்த ஆண்யானை. உறையவைத்த வித்து மட்டும் கடல் கடந்து போயிற்று. காட்டு ஆண்யானையைப் பிடிக்காமல், இடம்பெயர்க்காமல், அதன் வழியை மட்டும் இன்னோரிடத்துக்குக் கொண்டு சேர்க்க முடியும் என்று காட்டிய பிறப்பு அது.

கெலவள்ளியில் விழுந்ததும் ஓர் ஆண்யானைதான். யானைக்கு விரைகள் வெளியே தொங்குவதில்லை. வயிற்றுக்குள்ளே சிறுநீரகத்தின் அருகில் இருக்கின்றன. பிரேதப் பரிசோதனையில் வயிறு எப்படியும் திறக்கப்படுகிறது. செத்த சில மணி நேரத்துக்குள் என்றால், காதுத்தோலோடு வித்தையும் எடுத்துக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது. கோடை வெயிலில் கிடக்கும் அவ்வளவு பெரிய உடம்பு உள்ளுக்குள் எவ்வளவு வேகமாக வெந்துபோகும் என்பது பரிசோதனை செய்கிறவர்களுக்குத் தெரியும். நேரம்தான் இதில் எல்லாமே.

ஹைதராபாத்தில் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தின் கிளையாக, லால்ஜி சிங் முன்னின்று உருவாக்கிய அருகிவரும் உயிரினக் காப்பு ஆய்வகம் இருக்கிறது. சுருக்கமாக லேகோன்ஸ். அங்கே 2006இல் செயற்கைக் கருவூட்டலில் புள்ளிமான் குட்டியும், 2007இல் வெளிமான் குட்டியும் பிறந்தன. ஆனால் அவர்கள் செய்ததிலேயே நான் மிக மதிப்பது சருகுமானுக்குச் செய்ததை. 2010இல் நேரு விலங்கியல் பூங்காவோடு சேர்ந்து, முயலளவே உள்ள அந்த மானைக் கூண்டில் வளர்க்கத் தொடங்கினார்கள். நாளும் புழுக்கையைப் பொறுக்கி அதில் ஹார்மோன் அளந்தார்கள். தாய் ஈன்ற சில மணி நேரத்திலேயே மறுபடி இணை சேரும் என்பதைக் கவனித்தார்கள். எதோடு எதைச் சேர்ப்பது, எப்போது பிரிப்பது என்று கற்றார்கள். எண்ணிக்கை நூற்றைத் தாண்டிப் பெருகியது; 2017இல் அம்ராபாத் காட்டில் விடத் தொடங்கினார்கள். இதில் முட்டையைக் குடையவும் இல்லை, நகலெடுக்கவும் இல்லை. புழுக்கை பொறுக்கிய கைகள்தான் இனத்தைப் பெருக்கின.

குருத்தணுவின் வேலை தொடங்குவது, இதெல்லாம் கைவிட்ட இடத்தில். ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுவிலிருந்து உடலின் எந்த உறுப்பும் உருவாக முடியும். தோல் செல் தோலாகவே முடிந்துவிடும் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தோம். 2006இல் ஜப்பானின் ஷின்யா யமனாகா நான்கு மரபணுக்களைச் செலுத்தி எலியின் தோல் செல்லைக் குருத்து நிலைக்குத் திருப்பிக் காட்டினார். 2011இல் ஜீன் லோரிங் குழுவினர் சான் டியேகோ களஞ்சியத்துச் செல்களைக் கொண்டு வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்துக்கும் அதைச் செய்தார்கள். அந்த இனத்தின் கடைசி ஆண் சூடான் 2018 மார்ச் 19 அன்று கென்யாவின் ஒல் பெஜெட்டாவில் இறந்தது. மிச்சமிருப்பவை நாஜின், அதன் மகள் ஃபாத்து. இரண்டாலும் கரு சுமக்க முடியாது. ஃபாத்துவின் முட்டைகளை மயக்கமருந்து கொடுத்து எடுத்து, இத்தாலியின் கிரெமோனாவுக்கு விமானத்தில் அனுப்பி, முன்பே செத்த ஆண்களின் உறைவிந்தோடு சேர்த்து, 30க்கும் மேற்பட்ட கருக்களைச் சேமித்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகள். அந்தக் குறையை நீக்கத்தான் குருத்தணு. 2022இல் கட்சுஹிகோ ஹயாஷி குழு, செத்துப்போன நபீரே என்ற பெண் காண்டாமிருகத்தின் தோலிலிருந்து, முட்டையாக மாறக்கூடிய தொடக்கச் செல் வரைக்கும் கொண்டுவந்துவிட்டது. அங்கிருந்து முழு முட்டை வரை இன்னும் நெடுந்தூரம்.

2023 செப்டம்பரில், ஒத்திகையாகத் தெற்கு வெள்ளைக் காண்டாமிருகத்தின் கருவொன்றை அதே இனத்தின் வாடகைத்தாயில் வைத்தார்கள். பிடித்தது. நவம்பரில் பெருமழை பெய்து, மண்ணில் புதைந்திருந்த கிருமி மேலே வந்து, தாய் செத்துப்போனது. வயிற்றைத் திறந்தபோது 70 நாள் ஆண் கரு, 6.4 சென்டிமீட்டர், நன்றாகவே வளர்ந்திருந்தது. கருவை வைத்த தாமஸ் ஹில்டபிராண்ட் குழுவினருக்கு அது வெற்றியும் சாவும் ஒரே மேசையில் கிடந்த நாள். ஆய்வகம் தன் பங்கைப் பிழையில்லாமல் செய்திருந்தது.

ஆசிய யானையின் செல் குருத்து நிலைக்குத் திரும்ப எளிதில் இணங்கவில்லை. யானைக்குப் புற்றுநோய் அரிது. காரணங்களில் ஒன்று, கெட்டுப்போன செல்லைத் தானே சாகச் செய்யும் டிபி53 என்ற மரபணு நம்மிடம் ஒரு சோடி இருக்க, யானையிடம் இருபது சோடி வரை இருப்பது. ஆய்வகத்தில் செல்லைக் குருத்தாக மாற்ற முனைந்தபோது அதே காவல் குறுக்கே நின்றது. 2024 மார்ச்சில்தான் கொலோசல் என்ற அமெரிக்க நிறுவனம் அதைத் தாண்டிவிட்டதாக அறிவித்தது. அவர்களுக்கு வேண்டியது மாமூத். உறைந்த வடதுருவத்தில் அற்றுப்போன யானையைப் போன்ற ஒன்றைப் பிறப்பிப்பது. அந்த அறிவு நம் யானைக்கும் பயன்படும் என்கிறார்கள். பயன்படட்டும். ஆனால் மாமூத்தைச் சுமக்க வேண்டிய வயிறும் யானையுடையதுதான், இருபத்திரண்டு மாதம். ஒரு பெண்யானையின் வாழ்நாளில் அப்படிப்பட்ட வாய்ப்புகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒன்றை அற்றுப்போனதற்காக எடுத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் யானை அற்றுப்போகும் நிலையில் இல்லை. 2025 கணக்கெடுப்பில் 3,170. ஆண்யானை ஏன் ஊருக்குள் வருகிறது என்பதைத்தான் நாம் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ரமன் சுகுமாரும் மாதவ் காட்கிலும் 1988இல் வெளியிட்ட ஆய்வு, பெண்யானைகளைவிட வளர்ந்த ஆண்கள் பயிரை மேய்வது மிக அதிகம் என்று காட்டியது. கேழ்வரகும் நெல்லும் காட்டுப்புல்லைவிடச் சத்தானவை. சத்து சேர்ந்தால் உடல் பெருக்கும். உடல் பெருத்தால் மதம் நன்றாகப் பிடிக்கும். மதம் பிடித்த பெரிய ஆணுக்கே பெண் இணங்கும். ஆபத்தைத் தெரிந்தேதான் வருகிறது. அப்படியானால் கம்பைநல்லூர்க் கொல்லை வரை வந்த யானை தன் இனத்தைப் பெருக்கும் வழியில்தான் நடந்துகொண்டிருந்தது. ஒரு கூட்டத்தின் வித்தை இன்னொரு கூட்டத்துக்குக் கொண்டுபோவதும் இந்தத் தனித்த ஆண்களே. குழாயும் ஸ்கேனும் வியன்னாவில் செய்த வேலையை இங்கே ஆண்யானை தன் காலால் செய்கிறது, ஏரி மேடு வழியாக, கம்பிக்குக் கீழே. கம்பியை உயர்த்திக் கட்டுவதையும் நான் இனப்பெருக்கத் தொழில்நுட்பம் என்றே சொல்வேன். மாரண்டஅள்ளிச் சாவுகளுக்குப் பிறகு தமிழக அரசு 2023லேயே மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த விதிகள் கொண்டுவந்தது. அது தேவையான வேலை. காதுத் துண்டுக்கு முன்பே நடக்க வேண்டிய வேலை.

இப்போது பென்னாகரக் குட்டி. கிணற்றிலிருந்து மீட்டு, தாயோடு சேர்க்கப் பார்த்தார்கள், முடியவில்லை. முதுமலை தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டுபோய் பொம்மன், பெள்ளி தம்பதியிடம் ஒப்படைத்தார்கள். அவர்கள் குட்டிகளை வளர்த்த கதையைச் சொன்ன ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கிய அதே வாரம். நாட்டிலேயே அதைவிட நல்ல கைகள் கிடைத்திருக்காது. புட்டிப்பால் குட்டிக்குச் செரிக்கவில்லை. வயிற்றுப்போக்கு கண்டு மார்ச் முடியும் தறுவாயில் செத்துப்போனது. முதுமலையில் பிழைத்து வளர்ந்த குட்டிகளும் உண்டு, இது பிழைக்கவில்லை.

நான் இந்தச் சாவிலேயே நின்றுவிடுகிறேன். தோலிலிருந்து முட்டையின் தொடக்கச் செல்லைச் செய்யும் அளவுக்கு வந்துவிட்ட அறிவுக்கு, யானைப்பாலுக்கு ஈடான ஒரு புட்டிப்பாலை உறுதியாகத் தர முடியவில்லை. யானைப்பாலின் கொழுப்பு பசும்பாலின் கொழுப்பு அல்ல. தேங்காயெண்ணெயில் உள்ள லாரிக் அமிலமும் அதன் உறவான கேப்ரிக் அமிலமும் அதில் மிகுதி. குட்டி வளர வளரப் பாலும் மாறிக்கொண்டே போகும். பாலோடு குட்டி தாயின் சாணத்தையும் தின்னும். இலைதழையைச் செரிக்க வேண்டிய நுண்ணுயிர்கள் அதன் குடலுக்கு அந்த வழியில்தான் வந்து சேர்கின்றன. கென்யாவில் டாஃப்னி ஷெல்ட்ரிக் எத்தனையோ குட்டிகளைப் பறிகொடுத்த பிறகே தேங்காயெண்ணெய் கலந்த பாலுக்கு வந்து சேர்ந்தார். அப்படி அவர் பிழைக்கவைத்த ஆயிஷா என்ற குட்டி, அவர் மகள் திருமணத்துக்காகச் சில நாள் பிரிந்து போனபோது, ஏங்கி உண்ணாமல் செத்தது. பாலும் போதவில்லை, கூடவே படுக்க ஓர் உடம்பு வேண்டியிருந்தது. உறைந்த கருவிலிருந்து ஒரு யானை பிறந்தால் இத்தனையையும் அதற்கு யாராவது தர வேண்டும். அந்த யாராவது, உயிரோடு இருக்கும் ஒரு தாய்க்கூட்டம் மட்டுமே.

2023 பிப்ரவரியில் பாலக்கோட்டில் பிடிபட்ட, தந்தமில்லாத ஆணான மக்னா யானை ஒன்றை ஆனைமலைக் காட்டின் வரகளியாற்றில் கொண்டுபோய் விட்டார்கள். அது அங்கே தங்கவில்லை. மலை இறங்கி, பொள்ளாச்சிப் பக்கம் கடந்து, கோயம்புத்தூர் நகரத்துக்குள் நடந்து வந்தது. மறுபடி பிடித்து வேறோரிடத்தில் விட்டார்கள். அதன் செல்லில் இருப்பதை நாம் படித்துவிடலாம். அது எதை நினைத்து நடந்தது, எந்த ஓடையின் வாசனை அதை இழுத்தது என்பது செல்லில் இல்லை. கூட்டத்தின் மூத்த பெண்ணோடும் பெரிய ஆண்களோடும் நடந்து நடந்து பெற்றது அது. மூத்த பெண் ஒன்று கம்பியில் மாட்டிச் சாகும்போது தண்ணீர் இருக்கும் இடங்களும் அதோடு போகின்றன.

செல்லில் இல்லாததை எப்படிக் காப்பது என்ற கேள்வி ஆலம்பாடிக்கும் உண்டு. 2014இல் காவிரி வடக்கு, 2022 நவம்பரில் காவிரி தெற்கு என்று யானைக்கான சரணாலயங்கள் அந்த மாட்டின் பழைய மேய்ச்சல் காடுகளைத் தொட்டு அமைந்திருக்கின்றன. காவிரி தெற்கு மட்டும் 686 சதுர கிலோமீட்டர். கர்நாடகக் காட்டோடு தொடர்ந்துபோகும் அந்தப் பரப்பு யானைக்குப் பெரிய வரம். 2022 மார்ச்சில் காட்டுக்குள் மாடு மேய்க்கச் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. பிறகு அதைச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. நாட்டுமாட்டிலிருந்து காட்டு விலங்குக்கு நோய் பரவும் என்ற கவலை பொய்யானதல்ல. பட்டிக்காரரின் கவலையும் பொய்யானதல்ல. காட்டில் மேயாமல் தொழுவத்தில் தீவனம் தின்று வளரும் ஆலம்பாடி, இரண்டு தலைமுறையில் கல்லுக்காட்டுக் காலை மறந்துவிடும். உறைவிந்தைக் காரிமங்கலத்தில் காக்கலாம். எந்த மாதங்களில் எந்தக் காட்டின் ஓரத்தில் எத்தனை மாடு, அவற்றுக்குத் தடுப்பூசி யார் பொறுப்பு என்பதைப் பட்டிக்காரரும் வனத்துறையும் மையத்து மருத்துவர்களும் சேர்ந்து உட்கார்ந்துதான் எழுத முடியும்.

காதுத் துண்டுக்கும் ஒரு காகிதம் வேண்டும். யானை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் பட்டியலில் உள்ள விலங்கு. அதன் உடலிலிருந்து எதை எடுக்கவும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி தேவை. யானை விழுந்த பிறகு விண்ணப்பித்து, அனுமதி வருவதற்குள் செல் செத்துவிடும். எனவே அது நிற்கும் ஆணையாக முன்கூட்டியே இருக்க வேண்டும். பிரேதப் பரிசோதனைக்குப் போகும் மருத்துவரின் பையில் கரைசல் நிரம்பிய நான்கு குப்பிகளும் ஓர் ஐஸ்பெட்டியும் இருக்க வேண்டும். தர்மபுரியிலிருந்து மாதவரத்தில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகத்துக்கோ ஹைதராபாத்தின் லேகோன்ஸுக்கோ ஒரே இரவில் போய்ச் சேர வண்டி இருக்கிறது. டார்ஜிலிங்கின் பத்மஜா நாயுடு விலங்கியல் பூங்கா 2024 முதல் லேகோன்ஸோடு சேர்ந்து இப்படி ஒரு களஞ்சியத்தை நடத்துகிறது. இமயத்து விலங்குக்கு முடிந்தது காவிரிக்கரை விலங்குக்கும் முடியும். மஞ்சள் பூசிக் கும்பிட வரும் பெண்களிடம் மருத்துவர் அதைச் சொல்லிவிட்டே வெட்டலாம். மறுப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.